142ஆம் கல்லுக்கு இரண்டாம் வாசகர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்பீர்கள். இது அந்த வகைப் பொய் இல்லை. ஒரு படிவத்தில், பென்சிலால், என் கையெழுத்திலேயே எழுதிய பொய். படிவத்தின் எண் 142.

ஸ்வேல்கோட் என்ற இந்த ஆங்கிலேயக் கிராமத்து வரலாற்றுக் குழுவின் எழுத்துவேலை முழுவதும் என் தலையில்தான். இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. தமயந்தி என்ற பெயரை முதல் வாரமே டாமி ஆக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது நாய்க்கு வைக்கிற பெயர் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறேன், அவ்வளவுதான்.

நான் தமிழில் கதை எழுதுகிறவள் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவராலும் படிக்க முடியாது. அது இந்தக் கதைக்கு முக்கியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது தெரியவேண்டியது இவ்வளவுதான். வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தேவாலயத் தோட்டத்தில், 142ஆம் கல்லின் அடியில் ஒரு சின்னக் குழி தோண்டப் போகிறார்கள். அதற்குள் அந்தக் கல் யாருடையது என்று முடிவாக வேண்டும். இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருத்தி என் பொய்யில் பிறந்தவள். இன்னொருத்திக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல், அதுவும் பென்சிலில். இரண்டு பேருமே செத்து நூற்றெழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

[முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: "மூடுபனி இறங்கிய மாலையில் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு தானாக" — அடித்துவிட்டேன். எங்கள் கதவு மரக்கதவு. உதைத்தாலும் திறக்காது. நடந்ததெல்லாம் நல்ல வெயிலில், வெள்ளரிக்காய் சாண்ட்விச்சோடு நடந்தது. எனக்குப் பயமே அதனால்தான்.]

2

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். இவை ஜாய்ஸ் போட்டவை. எண்பத்தொரு வயது, குழுவை ஆரம்பித்தவர். முன்பு வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மனிதர்களைவிடக் கோடுகளை அதிகம் நம்புகிறவர்.

கல்லறைக் கற்களில் இருப்பதை வாசித்துப் பதிவதுதான் எங்கள் பெரிய வேலை. மொத்தம் முந்நூற்றுப் பதினாறு கற்கள். மழையும் பாசியும் தின்ற எழுத்துகளைப் பகலில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் குளியலறைக் கண்ணாடியைப் பிடித்து, வெயிலைக் கல்லின் மேல் சாய்வாக அடிக்க வேண்டும். அப்போது சில நிமிடங்களுக்கு எழுத்து நிழலாக எழும்பும்.

கல்லைத் தொடுவதென்றால் மென்மையான தூரிகையும் தண்ணீரும் மட்டும்தான். முதல் வாசகர் வாசித்ததைப் பென்சிலில் எழுத வேண்டும். பிறகு இரண்டாம் வாசகர். அவருக்கு முதல் வாசகர் என்ன வாசித்தார் என்று யாரும் சொல்லியிருக்கக் கூடாது, தானாகவே வாசிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மை. மை ஏறியதும் பென்சிலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிட வேண்டும். ஒரு கல்லுக்கு ஒரு பதிவுதான்.

இருபது பேர் உட்கார்ந்து மூன்று கூட்டம் பேசி ஏற்றுக்கொண்ட விதிகள் இவை. சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்கவில்லை.

3

கிளைவ் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நல்ல மனிதர். ஆனால் கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். 142 சின்னக் கல், முழங்கால் உயரம். நான் படிவங்களோடு போய்ச் சேர்ந்தபோது கிளைவ் அதன் முன் மண்டியிட்டிருந்தார். கல்லின் முகம் முழுக்க, ஒரு தட்டுபோல, அவர் மடியில் உடைந்து கிடந்தது. விரல் பட்டதும் மணலாக உதிர்ந்தது.

"தானா உரிஞ்சு வந்துடுச்சு டாமி. நான் சும்மா தொட்டேன்."

"சும்மா தொடறதுக்கு எதுக்கு பல்லு சுரண்டுற கம்பி?"

அவர் கம்பியைப் பார்த்தார். அதைக் கையில் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல.

"பாசி இருந்துச்சு... ஓரத்துல கொஞ்சம்தான்..."

"நாப்பது வருஷமா ஊர்ல இருக்கறவங்க வாயெல்லாம் கிண்டியாச்சு. செத்தவங்களயாவது விடக்கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. "ஜாய்ஸுக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க. மாவிஸ் போனதுக்கப்புறம் எனக்கு இந்தச் செவ்வாக்கிழம ஒண்ணுதான் இருக்கு டாமி. வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? எதையாவது எழுதிடேன். நீதான் கதையெல்லாம் எழுதறியே."

மாவிஸ் அவர் மனைவி. போய் அப்போது ஏழு மாதம். அந்த மனிதர் தண்ணீர் குடிக்கவே யாராவது சொல்ல வேண்டியிருந்த காலம். எனக்கு இரக்கமாக இருந்தது. அதோடு (உண்மையைச் சொல்கிறேன்) கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. என் கதையை இந்த ஊரில் யாராவது படிக்கப் போகிறார்களே என்று.

எழுதினேன். சின்னக் கல் என்பதால் சின்னப் பெண். வயது ஆறு. ஒரு வருடம் போட்டேன். முன்பெயரை ஒரு விதைப் பொட்டலத்திலிருந்தும், குடும்பப் பெயரை அந்த நேரம் போன ஒரு வைக்கோல் லாரியின் பக்கத்திலிருந்தும் எடுத்தேன். நான் கவனமான பொய்க்காரி. வீட்டுக்கு வந்து எங்கள் குழு பிரதி எடுத்து வைத்திருந்த அடக்கப் பதிவேட்டை முழுக்கத் தேடினேன். இருநூறு வருடத்தில் அந்தக் குடும்பப் பெயரில் இந்த ஊரில் ஒருவரும் புதைக்கப்படவில்லை. நல்லது, யார் மனதும் புண்படாது என்று நினைத்தேன்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு காரணம் இருக்கிறது.

4

போன குளிர்காலம் கணக்கெடுப்பு முழுவதும் குழுவின் இணையப் பக்கத்தில் ஏறியது. பென்சில் பதிவுகளுக்குப் பக்கத்தில் 'உறுதியாகவில்லை' என்று போட்டோம். மார்ச்சில் கனடாவிலிருந்து, சஸ்காட்செவனில் ஒரு பண்ணையிலிருந்து, கோலீன் என்பவர் எழுதினார்.

"உங்கள் 142ஆம் எண்ணில் இருக்கும் ———— எங்கள் குடும்பத்துப் பெண். கப்பலேறப் போகும் வழியில் இறந்தாள். புதைத்துவிட்டு அன்றே கிளம்ப வேண்டியிருந்தது. எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. ஆறு தலைமுறையாகத் தேடுகிறோம்."

கூடவே ஒரு புகைப்படம். அவர்கள் வீட்டு பைபிளின் முதல் தாள். பழுப்பு மையில் பிள்ளைகளின் பெயர்கள். முதல் பெயர், விதைப் பொட்டலத்தில் இருந்த பெயர். பக்கத்தில் இறந்த வருடம், நான் போட்ட வருடம்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். உலகம் பெரியது, பெயர்கள் குறைவு. அந்த ஏப்ரலில்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். மனதைக் குடைவதை எழுதித் தீர்ப்பது என் வழக்கம். கோலீனை அதுவரை பார்த்ததில்லை. அதனால் கதைக்கு ஒரு கோலீனைச் செய்தேன். வெளுத்த நீலச் சட்டை, இடது மணிக்கட்டில் கட்டு, கையில் பாய்மரக் கப்பல் படம் போட்ட தேயிலை டப்பா. டப்பாவில் அவள் அம்மாவின் சாம்பல். இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது, வெட்டிவிடலாம் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தேன்.

ஜூனில் அவர் வந்தார். ஊர் மன்றத்தில் எலுமிச்சை கேக் வைத்து வரவேற்றோம். நீலச் சட்டை. மணிக்கட்டில் கட்டு. கன்றுக்குட்டி உதைத்துவிட்டதாம். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். கப்பல் என்னைப் பார்த்தபடி இருந்தது.

"அம்மா சாகறப்ப ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டாங்க," என்றார். "அந்தச் சின்னப் புள்ளைய வழியில தனியா விட்டுட்டு வந்துட்டோமே, யாராவது போயி பக்கத்துல இருங்களேன்னு. அவங்க பாட்டிகிட்டயும் யாரோ இதையேதான் கேட்டாங்களாம். எங்க வீட்ல சாகறவங்க எல்லாரும் இதையேதான் கேப்பாங்க."

அழுதார். எல்லோரும் அழுதார்கள். கிளைவ் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தேன். தட்டில் இருபத்தைந்து துண்டு ஆன பிறகுதான் நிறுத்தினேன்.

[இதற்குப் பிறகு இந்தக் கதையில் சில வாக்கியங்களைப் பாதியில் விடுவேன். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.]

5

மறுநாள் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மூலப் பதிவேட்டைக் கேட்டேன். அடக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்த எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். எட்டுக்கு மேல் எழுத இடம் கிடையாது.

நான் போட்ட வருடத்தின் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தை நான் நன்றாக அறிவேன். மூன்று வருடத்துக்கு முன் பிரதி எடுத்தவளே நான்தான்.

ஐந்தாம் கட்டத்தில் அவள் இருந்தாள். பெயர், வயது ஆறு, 'வழிப்போக்கர் குழந்தை' என்று ஒரு குறிப்பு. மற்ற ஏழு பதிவுகளின் அதே பாதிரியார் கையெழுத்து, அதே மை. இடுக்கிச் செருகியதும் இல்லை. எப்போதும் அங்கே இருந்த மாதிரி அகலமாக உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில் எட்டுப் பெயர். ஐந்தாவது அவள்.

அந்தச் சமயத்தில் எனக்கு வந்த பயத்தை அழகாகச் சொல்ல வராது. கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடி எண்ணினேன். எட்டு. அன்றும் எட்டு, இன்றும் எட்டு. கட்டங்கள் கூடவில்லை. ஒருத்தி உள்ளே வந்திருக்கிறாள் என்றால் ஒருவர் வெளியே போயிருக்க வேண்டும். என் கையால் எழுதிய பெயர். யார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை. யோசிக்கும்போது அந்த இடத்தில் வைக்கோல் லாரிதான் வருகிறது.

6

மறுபடி வருவதாகச் சொல்லி, கோலீன் டப்பாவோடு ஊருக்குத் திரும்பியிருந்தார். அதைக் கல்லடியில் புதைக்கப் பாதிரியாரின் அனுமதி வேண்டும். எங்கள் பாதிரியார் ஃபிலிப்பா நேராகப் பேசுகிறவர்.

"மையில பதிவு இருந்தா நான் இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன். பென்சில நம்பி நான் எப்படிப்பா ஒருத்தரக் கொண்டுபோயி முன்னப்பின்ன தெரியாத இன்னொருத்தர் மேல வைக்கிறது?"

தேவாலயத் தோட்டத்தில் என்னோடும் கிளைவோடும் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜாய்ஸ் தன் காருக்குப் போனார். ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தோடு திரும்பினார். கார் இழுப்பறையில் இரண்டு வருடமாக, பார்க்கிங் சீட்டுகளுக்கு அடியில் கிடந்ததாம்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க போறதுக்கு மொத வாரம் நான் 142 கிட்ட நின்னேன் கண்ணு. தனியா கண்ணாடி புடிச்சேன். ஒரு சொல்லுதான் கெடச்சுது. மீதிய வாசிக்கறதுக்குள்ள வெயில் போயிடுச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

பென்சிலில், அவருடைய நேர்க்கோட்டு எழுத்தில்:

*மனைவி*

அவ்வளவுதான். யாருடைய மனைவி என்று இல்லை. அவள் பெயரும் இல்லை.

"ஆறு வயசுப் புள்ள யாருக்கும் பொண்டாட்டியா இருந்திருக்க முடியாதுல்ல?" என்றார் ஜாய்ஸ். என்னைப் பார்க்கவில்லை. கிளைவைப் பார்த்தார்.

கிளைவ் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். கம்பி, மடியில் உதிர்ந்த மணல், நான் எழுதிய பெயர். சொல்லி முடித்து, "யாரோ ஒருத்தர் தன் பொண்டாட்டிக்கு வச்ச கல்லு. அதப் போயி நான் சுரண்டிட்டேனே," என்று முகத்தை மூடிக்கொண்டார்.

ஜாய்ஸ் அவரைக் குழுவிலிருந்து தூக்கவில்லை. பக்கத்தில் குனிந்து, "எந்திரி. பேண்ட்டெல்லாம் நனையுது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பைபிள்ல இருக்கு. பதிவேட்ல இருக்கு. என் புத்தகத்துல இது இருக்கு. இதுல எது பொய்யி டாமி? நீதான சொல்லணும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

[ஜாய்ஸைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன்: "இந்த இலையுதிர் காலம் வந்ததும் அவர்" — இல்லை. அதை முடிக்க மாட்டேன். தேயிலை டப்பாவுக்குப் பிறகு, இருக்கிற ஆளைப் பற்றி நான் எதிர்காலத்தில் எதுவும் எழுதுவதில்லை.]

7

போன வாரம் நானும் ஜாய்ஸும் கண்ணாடியோடு போனோம். மூன்றரை மணி, துடைத்துவிட்ட மாதிரி வானம். கல்லின் முகம் போய்விட்டது என்று சொன்னேன் அல்லவா? உள்ளே இருப்பது உப்புத்தாள் போல மொட்டையான பரப்பு. அதில் உளி பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

ஜாய்ஸ் கண்ணாடியைச் சாய்த்தார். வெளிச்சம் ஓரத்திலிருந்து ஏறியது.

நான் பார்த்ததை அப்படியே கீழே வைக்கிறேன். இதுவரை உங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. நீங்களே வாசியுங்கள்.

ஹெஸ்டர் கிம்ப்டன்
1849
வயது ஆறு

எழுத்துகள் ஆழமாக, விளிம்பு கூராக இருந்தன. நேற்று வெட்டிய மாதிரி. ஜாய்ஸ் கண்ணாடியை அசைத்ததும் பெயர் கல்லின் மேல் அசைந்தது. புல்லை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு சொல்லின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. அது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. யாரோ அதன் தோளைப் பிடித்து அழுத்துகிற மாதிரி.

"கெட்ட புள்ள இல்ல," என்றார் ஜாய்ஸ் மெதுவாக. "இடம் இல்லாம கெடந்திருக்கு, பாவம். கதவு தெறந்திருந்துச்சு, வந்துடுச்சு."

கதவைத் திறந்தவள் நான்.

8

முடிவுகள். நான் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் கோலீனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை எழுதிய அன்று மதியம், என் வீட்டு வாசல்படியில் ஈரமான சின்னக் காலடித் தடம் ஒன்று இருந்தது. ஒன்றுதான். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் மனைவிக்கு நானே ஒரு பெயர் கண்டுபிடித்து எழுதுகிறேன். முதல் எழுத்திலேயே நிறுத்தினேன். அவள் வந்து உட்கார அடுத்து யார் எழுந்து போவார்கள்?

மூன்றாவதில் இருவர் பெயரையும் ஒரே படிவத்தில் எழுதுகிறேன். ஜாய்ஸ் விடமாட்டார். ஒரு கல்லுக்கு ஒரு பதிவு. கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். எட்டுக் கட்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஆக, விதிப்படி இரண்டாம் வாசகர் வேண்டும். கோலீன் வந்தபோது ஊர்ச் செய்தித்தாளில் பெயரோடு படம் போட்டுவிட்டார்கள். நாற்பது மைல் சுற்றளவில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத ஆளே இல்லை. கேள்விப்படாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்தேன். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். அதனால்தான் ஆறு பகுதி வரை பெயரைச் சொல்லாமல் இழுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஏழாம் பகுதியில் கல்லை உங்கள் முன் வைத்தேன். யாரும் சொல்லாமல் நீங்களாகவே வாசித்தீர்கள். நான் பென்சிலில் எழுதியதும் நீங்கள் வாசித்ததும் ஒத்துப்போகின்றன.

ஆனால் அதற்கு முன்பே, ஆறாம் பகுதியில், ஜாய்ஸின் புத்தகத்தில் இருந்ததையும் வாசித்தீர்கள். கல்லைப் பார்த்து வாசித்த வாசிப்பு இல்லை, விதிப்படி செல்லாது என்று கிளைவே சொல்வார். இருக்கட்டும். நீங்கள் முதலில் வாசித்தது அவளைத்தான்.

நேற்று ஜாய்ஸ் போன் செய்தார். புத்தகத்தில் அந்தப் பக்கம் வெளுத்துக்கொண்டு வருகிறதாம். "என்ன எழுதியிருந்தேன் டாமி? நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது," என்றார். சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் வரவில்லை. இந்தக் கதையின் ஆறாம் பகுதியைப் பிரித்துப் பார்த்துத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, மறக்காமலிருக்க அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

(                    )

எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால், அது என்னவென்று வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள். எனக்குக் கேட்காது, பரவாயில்லை.

படிவத்தின் கடைசியில் இரண்டாம் வாசகரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் ஹெஸ்டருக்குப் போட்டால் மை ஏறும். ஒரு தாயின் சாம்பல் ஒரு குழந்தையின் பக்கத்தில் போய்ச் சேரும், ஆறு தலைமுறையின் அழுகை நிற்கும், ஜாய்ஸின் பென்சிலை நான் ரப்பரால் அழிப்பேன். மற்றவளுக்குப் போட்டால் அவள் பெயரில்லாமல் அங்கேயே இருப்பாள், யாரோ ஒருவருடையவளாக. ஹெஸ்டர் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாது. என் வாசல்படியை இன்று காலையும் துடைத்தேன்.

நான் கையெழுத்துப் போட முடியாது. நான் முதல் வாசகி.

கோலீன் வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி வந்து இறங்குகிறார். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் குழி தோண்ட ஆள் சொல்லியாயிற்று. கட்டம் காலியாக இருக்கிறது.

142: ____________________
இரண்டாம் வாசகர்: ____________________